பெயர் எடுத்த பிள்ளை

அத்தியாயம் 9

மகனை வீட்டை விட்டுத் துரத்த வேண்டுமென்றால் முதலில் வீடு தன்னுடையதாக இருக்க வேண்டும். போன கிழமை ஜெயராஜா பட்டறிந்த உண்மை இது.

நாவற்குடா வீடு அவர் மனைவி றோஸ்மேரியின் சீதன வீடு. அவளுக்கு அவளுடைய ஆத்தா கொடுத்தது, நாளைக்கு மகள் சர்மிலாவுக்குப் போகப்போவது. மட்டக்களப்பில் வீடும் பெண்ணுக்கு, குடி என்கிற வம்சமும் பெண்வழி. தன்னாமுனையிலிருந்து மாப்பிள்ளையாக வந்த ஜெயராஜா கொண்டுவந்தது ஒரு சூட்கேசும் தன் பெயரும் மட்டும்தான். “இனி அவன் இந்தப் படி மிதிக்கப்படாது!” என்று அவர் சத்தம் போட்டபோது, றோஸ்மேரி தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே, “படி என்ட. நீங்க ஏறி வந்ததும் இதே படிதான்” என்றாள்.

மகன் ஜொய்சன் செய்த குற்றம் நமக்குத் தெரிந்ததுதான். சித்தாண்டிப் பெண் ஒருத்தியை, சாமியாருக்கும் சொல்லாமல் பெற்றவர்களுக்கும் சொல்லாமல் பதிவுக் கந்தோரில் கைபிடித்துவிட்டான். அதைக்கூட அவர் பொறுத்திருப்பார். பெற்ற மனம் கேட்காமல் ஒரு நாள் ஒருவருக்கும் தெரியாமல் பஸ் ஏறி, அவன் வேலை செய்கிற பாசிக்குடா ஹோட்டல் வாசலுக்குப் போய் நின்றார். “ஜொய்சன் எண்டு இஞ்ச ஒருத்தரும் இல்லையே ஐயா” என்று காவலாளி கையை விரித்துவிட்டான்.

“நான் வச்ச பேரையும் கழட்டி எறிஞ்சிட்டான்.” அன்றிலிருந்து வீட்டில் இதே பல்லவிதான்.

வீடு தன்னுடையதில்லை, குடி தன்னுடையதில்லை. திருப்பி எடுக்கத் தன்னிடம் மிஞ்சியது பெயர் ஒன்றே என்று அவருக்குப் பட்டது. தபால் அதிபராக இருந்து இளைப்பாறிய மனிதர், பெயருக்கு எவ்வளவு பெறுமதி என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே இந்த வியாழக்கிழமை காலை, சர்மிலா வேலை செய்கிற சட்டத்தரணி மீராசாஹிப்பின் கந்தோருக்கே, பேப்பரில் அறிவித்தல் போட வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு இடத்துக்குப் போனால் ஊர் சிரிக்கும், இங்கே என்றால் மகள் மட்டும்தான் அழுவாள் என்று நினைத்திருக்கலாம்.

“அடி, புள்ள” என்றார் மகளைப் பார்த்து.

சர்மிலா தட்டச்சில் அடித்தாள். ‘சந்தியாப்பிள்ளை ஜெயராஜா ஆகிய நான், இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்...’

இத்தால், யாதெனில். தொலைந்த காணி உறுதிகளுக்கும் ரத்தாகிய அற்றோணி அதிகாரப் பத்திரங்களுக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற சொற்கள். இன்றைக்கு ஒவ்வோர் எழுத்தும் விரலைக் கடித்தது.

‘எனது மகன் ஜெயராஜா ஜொய்சன் என்பவருக்கும் எனக்கும் இன்று தொடக்கம் எவ்வித தொடர்பும் கிடையாது என்பதுடன், எனது பெயரைப் பாவித்து அவர் செய்யும் எந்தவொரு கருமத்துக்கும் நான் பொறுப்பாளியல்லன்.’

“நில்லு” என்றார் ஜெயராஜா. “மகன் எண்ட சொல்ல எடு.”

மீராசாஹிப் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “எடுக்க ஒண்ணா போஸ்ட் மாஸ்டர். மகன் எண்டு சொன்னாத்தான் அவனோட தொடர்பில்ல எண்டு சொல்லலாம். இல்லாட்டி, றோட்டில போற ஆரையோ எனக்குத் தெரியாது எண்டு காசு குடுத்துப் பேப்பர்ல போட்ட மாதிரி.”

“அப்ப அவன்ட பேருக்கு முன்னால என்ட பேர் என்னத்துக்கு நிக்குது? அதையாவது வெட்டுங்க.”

“அது அவர்ட முதலெழுத்து. அத வெட்டினா வெறும் ஜொய்சன். இந்த மாவட்டத்தில எத்தின ஜொய்சன் இருக்கும்? வேற ஒருத்தன் மானநட்ட வழக்கோட வந்தா நான்தான் பதில் சொல்லணும்.”

மகனைக் கைவிடுகிற கடதாசியில் தன் பெயர் இரண்டு தரம் வந்துவிட்டதே என்று ஜெயராஜா முகம் சுளித்தார். பெயரை எடுக்க வந்தவர் இன்னொரு தரம் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று சர்மிலாவுக்குத் தோன்றியது. சொல்லத் துணிவில்லை.

மீராசாஹிப்புக்கு இப்படியான காப்பு வசனங்களில் ஒரு மோகம் உண்டு. அடியில் ஒன்றைத் தானே சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார்: ‘இதே பெயரையுடைய வேறெவரையும் இவ்வறிவித்தல் குறிக்கமாட்டாது.’ பிறகு அதை ஒருமுறை ரசித்து வாசித்தார்.

“இன்னொண்டு” என்றார். “அடையாள அட்டையில உள்ளபடி முழுப்பேர் வேணும். நடுவில ஞானஸ்நானப் பேர் ஏதும் நிக்குதா தெரியாது. மகள், நீங்க பாசிக்குடாவுக்குப் பெய்த்து நேரில கேட்டு வாங்க. நாலு மணிக்குப் பேப்பருக்கு அனுப்பினாத்தான் ஞாயிறு வரும்.”

“போன்ல கேட்டா என்ன?” என்றார் ஜெயராஜா.

“போன்ல கேட்டதெல்லாம் சட்டத்தில எடுபடாது.”

தம்பியின் முழுப்பெயர் சர்மிலாவுக்குத் தெரியாதா? தெரியும். அவளுக்குத் தெரியுமென்று மீராசாஹிப்புக்கும் தெரியும். அவர் அவள் முகத்தைப் பாராமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வாவிக் காற்று முகத்தில் படப்பட, விழிப்புமில்லாமல் தூக்கமுமில்லாமல் அவள் சாய்ந்திருந்தாள். தண்ணீரில் வெயில் சிதறிக் கிடந்தது. ஏறாவூர், செங்கலடி என்று நடத்துனர் கூப்பிட்ட ஊர்ப் பெயர்கள் எங்கோ தூரத்தில் கேட்டன.

சந்தியாப்பிள்ளை. அப்பாவின் அப்பா. அவள் பிறக்கமுன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். எந்தக் காலத்திலோ போர்த்துக்கேயர் சந்தியாகு என்று கொண்டுவந்து இறக்கிய பெயர், இந்தக் கரையில் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு சந்தியாப்பிள்ளை ஆகிவிட்டது. அந்த மனிதரின் படம்கூட வீட்டில் இல்லை. ஆனால் அப்பா கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவர் முன்னால் நடந்து வருவார்.

நம் பெயர்களின் வழக்கம் அப்படி. அப்பா பிள்ளைக்கு முன்னால் நடப்பார், பேரப்பிள்ளை வரும்போது ஒதுங்கிவிடுவார். சந்தியாப்பிள்ளை அப்பாவோடு முடிந்துவிடும். ஜெயராஜா, தன்னோடும் தம்பியோடும். தம்பிக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கு முன்னால் ஜொய்சன்தான் நிற்பான். எப்படியும் ஒரு தலைமுறைதான் நிற்கப்போகிற பெயர். அதை ஏன் இவ்வளவு அவசரமாகப் பிடுங்க வேண்டும்?

ஜொய்சன் என்பது அப்பாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஜொய் என்றால் சந்தோஷம், சன் என்றால் மகன், இரண்டையும் ஒட்டிவிட்டார். பிறகு பார்த்தால் கோயிலில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜொய்சன் என்றே ஞானஸ்நானம். “என்ட பேரக் களவெடுத்திட்டானுகள்” என்று எத்தனையோ வருஷம் சொல்லித் திரிந்தார். அப்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை அவள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

சித்தாண்டியில் பஸ் நின்றது. திருநீறு பூசிய ஒரு பெண் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பியின் மனைவியும் இந்த ஊர்தான். சர்மிலா வீட்டுக்குத் தெரியாமல் அவளை இரண்டு தரம் போய்ப் பார்த்திருக்கிறாள். “மச்சாள்” என்று கூப்பிட்டுவிட்டு வெட்கத்தில் தலையைக் குனிகிற பிள்ளை.

*

காவலாளி அவளுக்கும் அதே பாட்டைத்தான் பாடினான். “ஜொய்சன் எண்டு இல்ல தங்கச்சி.”

தம்பி போனையும் எடுக்கவில்லை. அவள் வாதாடவில்லை. சுற்றிப்போய்ப் பொதுக் கடற்கரைப் பக்கமாக இறங்கினாள். பாசிக்குடாக் கடல் ஒரு சோம்பல் கடல். அலை இல்லை, ஆழமும் இல்லை. எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்கால்தான் நனையும். மதிய வெயிலில் வானமும் தண்ணீரும் ஒன்றாகிக் கிடந்தன. தூரத்தில் நின்றவர்கள் எதன்மேல் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் உள்ளே நடந்தாள். இளஞ்சூடான தண்ணீர் காலைச் சுற்றியது. எதற்காக வந்தாள் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்தே போனாள்.

“மிஸ்டர் ஜெயராஜா!”

யாரோ கூப்பிட்டார்கள். அவள் திடுக்கிட்டு அப்பாவைத் தேடினாள். அப்பா எப்படி இங்கே, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இந்தத் தண்ணீரில்? முன்னாலும் பின்னாலும் பார்த்தாள்.

பெரிய தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி கரையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். “மிஸ்டர் ஜெயராஜா!”

“கமிங், மேடம்!”

காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு, இளநீர்த் தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி வந்தவன் அவள் தம்பி.

இளநீரைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவன் அக்காவைக் கண்டதும் அப்படியே நின்றான்.

“உன்ட பேர் என்னடா?” என்றாள் அவள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

“வேலைக்குச் சேரக்குள்ள குடும்பப்பேர் என்ன எண்டு கேட்டாங்க அக்கா. எங்களுக்கு ஏது குடும்பப்பேர்? அப்பாட பேரச் சொன்னன். அண்டைலருந்து இஞ்ச எல்லாருக்கும் நான் ஜெயராஜாதான். ஜொய்சன் எண்டா ஒரு குருவிக்கும் தெரியாது.”

“அப்பா வந்து கேட்டாரேடா!”

“தெரியும்.” அவன் குரல் இறங்கிவிட்டது. “பின்னேரம் செக்கியூரிட்டி சொன்னான், ஒரு பெரியவர் வந்தார், ஜொய்சன் எண்டு கேட்டார், இல்ல எண்டு அனுப்பிட்டன் எண்டு. வெள்ளச் சேட்டு, கக்கத்தில குடை எண்டான். நான் றோட்டு மட்டும் ஓடினன் அக்கா. பஸ் வெளிக்கிட்டுப் பெய்த்து.”

“ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே.”

“எடுத்தன். என்ட சத்தம் கேட்டதும் வச்சிட்டார்.”

இருவரும் தண்ணீரில் நின்றார்கள். சின்ன மீன்கள் காலடியில் ஓடின.

“முதல் கிழமை ஆரும் கூப்பிட்டா நானும் அப்பாவத்தான் தேடுவன்” என்றான் அவன். “மறுகா பழகிட்டு. ஆனா ஒண்டு அக்கா. ஜெயராஜா பிந்திட்டான், ஜெயராஜா கிளாச உடைச்சிட்டான் எண்டு மேனேஜர் ஏசினா அப்பாக்கு ஏசின மாதிரி இருக்கும். அதுக்காகவே ஒரு பிழையும் விடாம வேலை செய்றன். அவர்ட பேர் இஞ்ச நல்ல பேர்.”

சர்மிலா அறிவித்தலைப் பற்றிச் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாமல், அடித்தபடியே வசனம் வசனமாகச் சொன்னாள்.

அவன் வெறும் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“போடட்டும்” என்றான். “அவர்ட உரிமை. ஆனா பேர நான் தரமாட்டன் எண்டு சொல்லு. இது இப்ப என்டயும்தான்.”

பிறகு, வேறு யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல் கிட்ட வந்தான். “அவக்கு வயித்தில பிள்ளை அக்கா. இண்டைக்குக் கிளினிக்குக்குப் போயிருக்கா. மூணு மாசம் முடியட்டும், அப்பாட கோவமும் ஆறட்டும், அதுமட்டும் ஆருக்கும் சொல்ல வேணாம் எண்டவ. அவட வீட்டிலயும் கதவச் சாத்திட்டாங்க. நாங்க ரெண்டு பேரும்தான்.”

கரையிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். “ஜெயராஜா!”

“வாறன் சேர்!” என்று தம்பி ஓடினான்.

*

திரும்பி வந்தபோது அப்பா வீட்டுக்குப் போய்ப் புதிதாகச் சவரம் செய்து, மடிப்புக் கலையாத சேட்டோடு கந்தோரில் வந்து காத்திருந்தார். நல்லது கெட்டது எதற்கும் கையெழுத்துப் போடப் போனால் அவர் அப்படித்தான் போவார்.

சர்மிலா மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தாள். தம்பி பெயரை எறியவில்லை, அங்கே அவன்தான் ஜெயராஜா, வெள்ளைக்காரக் கிழவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று. பிள்ளைச் செய்தியை மட்டும் தம்பிக்காக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜெயராஜாவின் முகம் ஒரு கணம் இளகியது. அவள் கண்டாள். அவள் கண்டதை அவரும் கண்டுவிட்டார், உடனே முகம் இறுகிவிட்டது.

“பாத்தீங்களா சேர்! என்ட பேரத்தான் பாவிக்கிறான். எனது பெயரைப் பாவித்து எண்டு எழுதினது சரியாப் போச்சே!”

“சட்டப்படி பாத்தா இப்பதான் வசனத்துக்கு உயிர் வந்திருக்கு” என்றார் மீராசாஹிப் வருத்தத்தோடு.

உள்ளதைச் சொன்னது குற்றமாகப் போனதே என்று சர்மிலா தன்னையே நொந்துகொண்டாள். கேட்டு வரச் சொன்ன முழுப்பெயரை இப்போது ஒருவரும் கேட்கவில்லை. ஜெயராஜா பேனையை எடுத்தார். சந்தியாப்பிள்ளை என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். ஜெ என்று தொடங்கப் போகையில் அவருடைய போன் அடித்தது.

அடிக்கிற போனை அடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் இல்லை அவர்.

“ஹலோ. ஓம், ஜெயராஜாதான். என்ன? என்ட மிஸிஸா? வார்ட்டிலயா?” பேனை கையிலிருந்து விழுந்தது. போனையும் பதற்றத்தில் அணைத்துவிட்டார். “புள்ள! அம்மாவ ஆஸ்பத்திரில வச்சிருக்காங்களாம்! மிஸிஸ் ஜெயராஜா, உடனே வாங்க எண்டு சொல்றாங்க!”

சர்மிலா தன் போனில் வீட்டுக்கு எடுத்தாள். இரண்டாவது மணிக்கே றோஸ்மேரி எடுத்தாள். ஜெயராஜா போனைப் பறித்தார்.

“நீ எங்க? சுகமா?”

“எங்க எண்டா? குசினில. மீன் அரியிறன். ஏன் உங்கட சத்தம் நடுங்குது? கடையில கண்டதையும் திண்டீங்களா?”

அவர் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. மனைவிமேல் இவ்வளவு ஆசையை இந்த மனிதர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று யாருக்கும் தெரியாது.

மீராசாஹிப் தாடியைத் தடவினார். “அப்ப ஆஸ்பத்திரில இருக்கிற மிஸிஸ் ஜெயராஜா ஆரு போஸ்ட் மாஸ்டர்? உங்கள எனக்குக் கனகாலமாத் தெரியும், இப்படியொரு கதை...”

“சேர்!” என்று அலறினார் ஜெயராஜா.

சர்மிலாவுக்கு விளங்கிவிட்டது.

“அப்பா, அது தம்பிட பொண்டாட்டி. தம்பி அங்க மிஸ்டர் ஜெயராஜா எண்டா அவ மிஸிஸ் ஜெயராஜா தானே. அவ வயித்தில பிள்ளையோட இருக்கா.”

போன் திரும்பவும் அடித்தது. தாதியின் குரல் மூவருக்கும் கேட்டது.

“கட் பண்ணிட்டீங்களே ஐயா. அவட ஹஸ்பன்ட் எடுக்கிறாரில்ல. அவசரத்துக்கு எண்டு கிளினிக் கார்ட்டில இந்த நம்பர்தான் எழுதியிருக்காங்க. பொறுப்பான ஆள் ஒருத்தர் இஞ்ச வேணும். நீங்க வருவீங்களா?”

ஜெயராஜா மேசையில் கிடந்த தாளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

“ஐயா, கேக்குதா? அவக்கு நீங்க என்ன முறை?”

“மாமா” என்றார் ஜெயராஜா. சொல்லிவிட்டு எழும்பினார். “வாறன். பயப்பட வேணாம் எண்டு சொல்லுங்க. வாறன்.”

“போஸ்ட் மாஸ்டர், பேப்பர்காரன் நாலு மணிக்கு எடுப்பான். நான் என்ன சொல்ல?” என்று மீராசாஹிப் பின்னால் கேட்டார். ஜெயராஜா அதற்குள் படியிறங்கி ஆட்டோவை மறித்துவிட்டார்.

ஆட்டோ கோட்டைமுனைப் பாலத்தில் ஏறியது. வாவி இரு பக்கமும் வெள்ளித் தகடாகக் கிடந்தது. சர்மிலா தம்பிக்கு எடுத்துக்கொண்டே இருந்தாள். மணி போனது, எடுப்பாரில்லை. என்ன நடந்தது என்று தாதியிடம் கேட்க மறந்துபோனது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

“புள்ள.”

“என்னப்பா?”

ஜெயராஜா அவளைப் பார்க்கவில்லை. “அங்க பெய்த்து ஆரெண்டு கேக்கிற? அந்தப் பிள்ளைட பேர் என்ன?”

ஒரு ஊருக்கே பெயர் பார்த்துக் கடிதங்களைப் பிரித்து அனுப்பியவர். இத்தனை நாளும் அவர் வாயில் அவள் ‘சித்தாண்டிக்காரி’தான். சர்மிலாவுக்கு அழுகை வந்தது.

“ஆர்த்திகா.”

“முதலெழுத்து?”

“ஜெயராஜா எண்டு சொன்னாத்தான் விடுவாங்க அப்பா. வேற பேர் அங்க ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் தலையை ஆட்டினார். உதடு அசைந்தது. ஜெயராஜா ஆர்த்திகா, ஜெயராஜா ஆர்த்திகா என்று மறந்துவிடாமல் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு முன்னால் குனிந்து, சாரதியின் தோளைத் தொட்டார்.

“கொஞ்சம் கெதியா விடுங்க தம்பி” என்றார். “என்ட மருமகள் தனிய இருக்கா.”